30 கோழி, 20 முட்டை: தீவனக் கணக்கு எங்கே உதைக்கிறது?

வீட்டுக் கொட்டகையில் 30 முட்டைக்கோழி வளர்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: 35 வாரக் கோழிகள், 1,650 ரூபாய்க்கு வாங்கும் 50 கிலோ லேயர் தீவனம் 15 நாளில் காலி, தினமும் 20 முட்டை. ஒரு முட்டைக்குத் தீவனச் செலவு எவ்வளவு, தவிடு கலந்தால் குறையுமா?

கணக்கு சுலபம். 1,650ஐ 15 ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 110 ரூபாய், அதை 20 முட்டைக்குப் பிரித்தால் தலா 5 ரூபாய் 50 காசு. கோழிக்கு 111 கிராம் வருகிறது, பண்ணைகளில் முட்டைக்கென்றே வளர்க்கிற வெள்ளை லெகார்ன் இனக் கோழியும் ஏறக்குறைய அவ்வளவுதான் தின்னும், அதனால் தீவனத்தின் மேல் பழி போட வேண்டாம். இந்த வயதில் 30க்கு 27 முட்டையாவது வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அதே 110 ரூபாயில் முட்டைக்கு 4 ரூபாய் 7 காசுதான்.

ஆக, சும்மா தின்கிற கோழி எது என்று பாருங்கள். ஒவ்வொன்றாகப் பிடித்து, ஆசனவாயின் இரு பக்கமும் இருக்கும் எலும்புகளுக்கு நடுவே விரலை வையுங்கள். இடுகிற கோழிக்கு இரண்டு மூன்று விரல் போகும், ஆசனவாய் ஈரமாக, அகலமாக இருக்கும். இடாததற்கு ஒரு விரல் போவதே கஷ்டம். இன்னொன்று, பளிச்சென்று மஞ்சள் அலகும் மஞ்சள் காலுமாக அழகாக நிற்கிறதே, பெரும்பாலும் அதுதான் ஏமாற்றுகிறது; இடுகிற கோழியின் மஞ்சளெல்லாம் முட்டையின் மஞ்சள் கருவுக்குப் போய் முதலில் அலகும் அப்புறம் காலும் வெளுத்துவிடும். அப்படி ஐந்தைக் கழித்தால் முட்டைச் செலவு 4 ரூபாய் 60 காசு பக்கம் இறங்கும் (இடாத கோழி கொஞ்சம் குறைவாகத் தின்னும் என்பதால் காசு அப்படி இப்படி இருக்கும்). கழிப்பதற்கு முன் வெளிச்சத்தையும் பார்த்துவிடுங்கள், ஒழுங்காக முட்டையிட பகலும் பல்பும் சேர்த்து நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் வேண்டும்.

தொட்டிக்கடியில் ஒரு சாக்கை விரித்து வைத்து, மறுநாள் சிந்தியதை எடை போடுங்கள். 300 கிராம் என்றாலே மாதம் 9 கிலோ, கிட்டத்தட்ட 300 ரூபாய் மண்ணில். தொட்டியை விளிம்பு வரை நிரப்பாமல் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்தி, கோழியின் முதுகு உயரத்துக்குத் தூக்கிக் கட்டுங்கள்.

பலர் விட்டுவிடுகிற செலவு ஒன்று உண்டு. முதல் முட்டைக்கு முன்பே ஒரு கோழி சுமார் 7 கிலோ தின்றிருக்கும், கிலோ 33 என்றால் 231 ரூபாய். 72 வாரத்துக்குள் 300 முட்டை இட்டால் தலா 77 காசு, உங்கள் கோழிகள் போகிற வேகத்தில் 240தான் தேறும், அப்போது 96 காசு. கடைசியில் கழிவுக்கோழியாக விற்கிற காசை இதில் கழித்துக்கொள்ளலாம்.

சரி, தவிடு. லேயர் தீவனத்தில் புரதம், சுண்ணாம்புச்சத்து எல்லாம் முட்டைக்கென்றே அளந்து போட்டது, தவிடு சேர்த்தால் இரண்டும் நீர்த்துப்போகும். நாளுக்கு 10 ரூபாய் மிச்சம் பிடித்து இரண்டு முட்டை குறைந்தால் 100 ரூபாய்க்கு 18 முட்டை, தலா 5 ரூபாய் 55 காசு, இப்போதைவிட 5 காசு கூடுதல்.