கூழாங்கல் படத்தில் சிறுவன் வாயில் போடும் கல்லுக்கு என்ன பொருள்? இப்படி மெதுவாக நகரும் படங்களில் குறியீடுகளை எப்படிப் புரிந்துகொள்வது?

(படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள். முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது.)

முதல்முறை பார்த்தபோது கல்லுக்கு அர்த்தம் தேடித்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். இறுகிப்போன மனசா, வறண்ட நிலமா என்று. இப்போது அப்படித் தேடுவதில்லை. அந்தப் பொருளை வைத்து அந்த ஆள் என்ன செய்கிறான் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

குடிகார அப்பனோடு கொளுத்தும் வெயிலில் நடக்கிறான் வேலு. தாகம் தெரியாமலிருக்க ஒரு கல்லை வாயில் போட்டு ஒதுக்கிக்கொள்கிறான். அதுவரை அது வெறும் கல்தான். வீட்டுக்கு வந்து, ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் கற்களோடு இதையும் வைக்கிறான் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தொண்டை அடைத்தது. இப்படி எத்தனை நடை நடந்திருக்கிறான் என்பதற்கு அந்தக் குவியல்தான் கணக்கு. யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. கண்ணாடித் துண்டால் அப்பன் முதுகில் வெயிலைத் திருப்பி அடிக்கிறானே, அதுவும் அப்படித்தான். திருப்பி அடிக்க முடியாத பையனுக்குக் கையில் கிடைத்தது அது.

இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜ். 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மை விருதான டைகர் விருது வாங்கிய படம். ஆனால் இதை எனக்குப் புரியவைத்தது விமர்சனம் எதுவும் இல்லை, என் அம்மா.

எங்கள் வீடு சென்னை வியாசர்பாடியில். 2019 கோடையில், சென்னைக்குக் குடிநீர் தரும் புழல் ஏரி வற்றியபோது தெரு அடிபம்பில் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரி எப்போது வரும் என்று தெரியாமல் அம்மா குடங்களை வரிசையில் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்.

2023இல் படம் ஓடிடியில் வந்ததும் வீட்டில் போட்டேன். எலி பிடித்துச் சுடும் குடும்பம் வரும் இடத்திலேயே தம்பி எழுந்து போய்விட்டான். கடைசியில் அந்த நீண்ட காட்சி. ஊற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஊறும் தண்ணீரை ஒரு பெண் மொண்டு மொண்டு ஊற்றுகிறாள், மற்ற பெண்கள் காத்திருக்கிறார்கள். "இன்னும் எவ்ளோ நேரம்தான் இதையே காட்டுவாங்க?" என்று உள்ளேயிருந்து தம்பி கேட்டான்.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஊற வேணாமாடா? அவ இன்னா பண்ணுவா?" என்றார்.