அரை மணி நேரம் கழித்து ஒலி விக்குவது

சர்வரிலிருந்து நெட்வொர்க் வழியே வரும் ஒலி அரை மணி நேரம் சுத்தமாகப் பாடிவிட்டு அப்புறம் விட்டுவிட்டு விக்க ஆரம்பிக்கிறது, கிளையண்டை, அதாவது ஒலியை வாங்கிப் பாடும் நிரலை, மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது என்கிறீர்கள், அப்படியென்றால் நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள். இரண்டு பக்கத்து சவுண்ட் கார்டு கடிகாரங்களும் ஒத்துப்போகவில்லை என்றுதான் படுகிறது. அனுப்பும் பக்கம் நொடிக்கு 44,095 சாம்பிள் (ஒலியின் தனித்தனி அளவீடு) அனுப்ப, வாங்கும் பக்கம் 44,100 பாடுகிறது என்றால் நொடிக்கு ஐந்து குறையும். பாடுவதற்கு முன் ஒலியைச் சேர்த்துவைக்கும் உங்கள் 200 மில்லிசெகண்ட் பஃபர் ஏறக்குறைய அரை மணியில் காலி! பஃபரில் எவ்வளவு மிச்சம் என்ற மட்டத்தை லாகில் (பதிவுக் கோப்பில்) எழுதிப் பாருங்கள். சீராக இறங்கினால் கடிகாரம், திடீரென விழுந்தால் நெட்வொர்க். பஃபரைப் பெரிதாக்கினால் விக்கல் தள்ளிப்போகுமே தவிர நிற்காது, அந்த மட்டத்தைப் பார்த்து ரீசாம்பிள் விகிதத்தை, அதாவது வந்த சாம்பிள்களை எத்தனை சாம்பிள்களாக மாற்றிப் பாடுவது என்பதை, துளித்துளியாக மாற்றுங்கள். அப்புறம், சர்வரில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் (ஒலித் துண்டுக்கும்) நடுவே நிரலைத் தூங்கவைக்கும் ஸ்லீப் போட்டா அனுப்புகிறீர்கள்? ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கும், அதுவும் சேர்ந்துகொண்டே போகும். அடுத்த பாக்கெட்டின் நேரத்தை ஸ்ட்ரீம் தொடங்கிய நேரத்திலிருந்து கணக்கிடுங்கள்.