பின்னால் வந்து நிற்கும் ஆள்

தம்பி, உங்கள் கேள்வி வந்தபோது நான் ராயபுரத்தில், எங்கள் வீட்டு மொட்டைமாடியில் இருந்தேன். விடுமுறைக்கு வந்திருக்கிறேன். நீங்கள் கேட்டது இதுதான்: "அண்ணா, நான் வியாசர்பாடி. லைப்ஸிக் வந்து 14 மாதம் ஆகிறது. ப்ளூ கார்டில் (படித்த வெளிநாட்டவருக்கான வேலை விசா) சாஃப்ட்வேர் வேலை. சின்ன வயதிலிருந்து படம் வரைவதுதான் உயிர். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக அதில் இறங்கலாமா? இந்த ஊரில் உத்வேகம் கிடைக்குமா? நிறைவாக வாழ முடியுமா?"

நான் ஜெர்மனியில் இருக்கும் அதே லைப்ஸிக்குக்கு 2009-இல் போனவன். 12 வருடம் ஒரு அலுவலகத்தில் அட்டைப்பெட்டிக்கு டிசைன் போட்டேன். 2021-இல் வெளியே வந்தேன். இப்போது குழந்தைகள் புத்தகத்துக்குப் படம், கடைச் சுவர்களில் ஓவியம், கையால் எழுத்து வரைவது, இதுதான் பிழைப்பு. அதனால் உங்களுக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

உத்வேகம் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். வியாசர்பாடியில் வளர்ந்த கண்ணுக்கு அது தீராது. நான் தனியாகத் தொழில் தொடங்கிய முதல் வருடம் வேறொன்றுக்குத்தான் தவித்தேன். அது என்னவென்று புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அப்பாவைச் சொல்ல வேண்டும்.

அப்பா போர்டு ஆர்ட்டிஸ்ட். கல்மண்டபம் பக்கம் ஒரு பெட்டிக்கடை அளவு இடம். மளிகைக்கடை போர்டு, லாரிக்கு நம்பர், தேர்தல் சமயத்தில் சுவர், எல்லாம் எழுதுவார். 2000-க்குப் பிறகு ஃபிளெக்ஸ் வந்ததும் போர்டு வேலை ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. கடைசி வரை மிச்சம் இருந்தது காசிமேட்டுப் படகுகள். வருடா வருடம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாள், 2017 முதல் 61 நாள். அந்த நாட்களில்தான் படகைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், பேர் எழுதுவார்கள். மற்றவர்களுக்கு வேலை இல்லாத அந்த நாட்கள்தான் அப்பாவுக்கு அறுவடை. மீதி பத்து மாதத்தை அந்தக் காசை நீட்டித்தான் ஓட்டுவோம். சொந்தத் தொழிலில் வருமானம் மழை மாதிரி வரும், தண்ணீர்க் குழாய் மாதிரி வராது என்பதை நான் ஜெர்மனியில் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு அரிசிப் பானையில் கற்றுக்கொண்டேன்.

ஒரு தடைக்காலத்தில், எனக்கு 13 வயது இருக்கும், ஒரு படகுக்கு "ஜெனிபர்" என்று எழுதப் போனோம். படகுக்காரருடைய மகள் பேர். நூலில் சாக்பீஸ் தூள் தடவி, நான் ஒரு முனை, அப்பா ஒரு முனை பிடித்து, நடுவில் சுண்டினால் மரத்தில் நேர்க்கோடு விழும். அப்படி மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. அப்பா வாயில் ஒரு பிரஷ், கையில் ஒரு பிரஷ். வெள்ளையில் எழுத்து, அது காய்ந்த பிறகு சிவப்பில் நிழல். படகுக்காரர் டீ வாங்கி வந்து அப்பாவுக்குப் பின்னால் நின்றார். பேசவே இல்லை. "ஜெ" முடிந்து "னி" வந்தது. "பர்" எழுதி அப்பா கடைசிப் புள்ளியை வைத்தபோது அவர் மெல்ல, "அண்ணே, அந்தப் புள்ளிய ஒரு பொட்டு மாரி வச்சிடேன்" என்றார். அப்பா திரும்பிப் பார்த்தார், சிரித்தார், சிவப்பை எடுத்துப் புள்ளியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அவ்வளவுதான். அன்று கூலி எவ்வளவு என்று எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஆள் நின்ற விதம் ஞாபகம் இருக்கிறது.

இப்போது லைப்ஸிக்குக்கு வருகிறேன். 2021 நவம்பர். படுக்கையறை ஜன்னல் ஓரத்தில் மேசை. நாலரை மணிக்கெல்லாம் வெளியே இருட்டிவிடும், உங்களுக்கே தெரியும். ஒரு பதிப்பகத்துக்கு 24 பக்கக் குழந்தைப் புத்தகம். ராத்திரி பகலாக வரைந்து மின்னஞ்சலில் அனுப்பினேன். மூன்று நாள் கழித்துப் பதில் வந்தது: "பாஸ்ட்." சரி, பொருந்துகிறது என்று அர்த்தம். ஒரே சொல். அவர்கள் வழக்கப்படி அது நல்ல பாராட்டுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்குள் ஏதோ அணைந்த மாதிரி இருந்தது. அடுத்த வேலை வந்தது, காசு வந்தது, கை நகரவில்லை. உத்வேகம் போய்விட்டது என்று முடிவு கட்டினேன். அருங்காட்சியகம் போனேன், ரயில் ஏறிக் கடல் பார்க்கப் போனேன், ஊருக்கு வந்துவிட்டும் போனேன். ஒன்றும் பலிக்கவில்லை.

அப்புறம் ஒரு பழக்கடை. கிழக்கு ஜெர்மனி இருந்த காலத்தில், 1980-களில், ஒப்பந்தத் தொழிலாளியாக வியட்நாமிலிருந்து வந்து அங்கேயே தங்கிவிட்ட ஒரு அம்மாவின் கடை. லைப்ஸிக்கில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் பூக்கடை, காய்கறிக்கடை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பழத் தட்டுகளுக்கு மேலே சுவர் வெறுமையாக இருக்கிறது, மாம்பழம் வரைந்து தருவாயா என்று கேட்டார். நான் பாட்டுக்கு நம்ம ஊர் பங்கனப்பள்ளியை வரைய ஆரம்பித்தேன். பின்னால் ஒரு செருப்புச் சத்தம் வந்து நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, "எங்கள் ஊர்ப் பழத்துக்கு நுனி இப்படி இருக்காது, லேசாக வளையும்" என்று விரலைக் காற்றில் வளைத்துக் காட்டினார். அழித்துவிட்டு வளைத்தேன். "இன்னும் கொஞ்சம்." வளைத்தேன். அவர் எதுவும் சொல்லாமல் நின்றுகொண்டே இருந்தார். வாடிக்கையாளர் வந்து கூப்பிட்டும் நகரவில்லை. எனக்குக் காசிமேடு ஞாபகம் வந்து, தொண்டை அடைத்துக்கொண்டது. அன்று ராத்திரி வீட்டுக்குப் போய், மூன்று வாரமாகத் தொடாத புத்தக வேலையை விடிய விடிய முடித்தேன்.

எனக்கு இல்லாமல் போயிருந்தது அந்தப் பின்னால் நிற்கும் ஆள்தான், தம்பி. வேலை போய்ச் சேருகிற முகத்தைப் பார்க்காமல் வரைந்தால், என்னைப் போல வளர்ந்தவனுக்கு அது வறண்டுவிடுகிறது. எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல மாட்டேன். அறையைப் பூட்டிக்கொண்டு ஆனந்தமாக வரைகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு வரி, வியாசர்பாடியில் சந்தில் உட்கார்ந்து கேரம் ஆடும் பசங்களை வரைந்தபோது அவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள் என்று. அதைப் படித்ததும் நீங்களும் என் ஜாதிதான் என்று தோன்றியது, வரைகிற ஜாதியில்.

அதனால் நான் செய்த முதல் மாற்றம் வீட்டை விட்டு மேசையை வெளியே எடுத்துப் போனது. நீங்கள் ஷ்பின்னெராய் போயிருக்கிறீர்களா? 1884-இல் தொடங்கிய நூற்பாலை, ஒரு காலத்தில் ஐரோப்பியக் கண்டத்திலேயே மிகப் பெரியது. இன்றைக்கு அது முழுக்க ஓவியர்களின் பட்டறைகளும் காட்சிக்கூடங்களும். முதல் தடவை அந்தச் செங்கல் கட்டடங்களுக்கு நடுவே நடந்தபோது என் தாத்தாவை நினைத்துக்கொண்டேன். அவர் பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர். உங்கள் வீட்டுப் பக்கம்தானே. அது 1996-இல் மூடியது, இப்போது அங்கே அடுக்குமாடிகள் எழும்பியிருக்கின்றன. இங்கே அதே மாதிரி ஒரு மில்லுக்குள் தறியும் நூலும் இருந்த இடத்தில் ஒருத்தி களிமண் பிசைந்துகொண்டிருந்தாள். எனக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. பக்கத்திலேயே பிளாக்விட்ஸில், பழைய தொழிற்சாலை ஒன்றில் ஆறு பேர் பகிர்ந்துகொள்ளும் பட்டறையில் ஒரு மேசை பிடித்தேன், மாதம் 140 யூரோ. பக்கத்து மேசைக்காரர் கிடார் செய்கிறார். டீ போட எழுந்தால் என் தாளை எட்டிப் பார்ப்பார். அந்த எட்டிப் பார்ப்புக்கே 140 யூரோ தரலாம். இன்னொன்று, வருடத்துக்கு நாலு சுவராவது கண்டிப்பாக ஒத்துக்கொள்கிறேன், காசு குறைந்தாலும்.

சரி, வேலையை எப்போது விடுவது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுவேன். இப்போது விடாதீர்கள். உங்கள் விசா இப்படி ஒரு வேலையில் இருப்பதோடு கட்டியது. ப்ளூ கார்டில் 27 மாதம் முடித்து ஏ1, அதாவது தொடக்க அளவு ஜெர்மன் இருந்தால் நிரந்தர வசிப்பு அனுமதி கேட்கலாம். பி1, அதாவது நடுத்தர அளவு தேறிவிட்டால் 21 மாதமே போதும். உங்களுக்கு 14 ஆகிவிட்டது. அதாவது ஏழு மாதமும் ஒரு மொழித் தேர்வும்தான் நடுவில் இருக்கின்றன. அந்த அட்டை கைக்கு வந்த பிறகு நீங்கள் எந்தத் தொழிலும் செய்யலாம், யாரையும் கேட்க வேண்டாம். அதுவரை பகுதிநேரமாக வரைந்து காசு வாங்க வேண்டுமென்றாலும் வெளிநாட்டவர் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், கம்பெனிக்கும் சொல்லிவிடுங்கள். இந்த ஏழு மாதத்தை வீணாகப் போகும் காலமாக நினைக்காதீர்கள். சம்பளம் வரும்போதே இரண்டு, மூன்று சுவர் வரைந்து பழகிவிடலாம்.

தொழில் எந்தப் பெட்டிக்குள் வரும் என்பதிலும் நான் தடுக்கி விழுந்தேன். அப்பா மாதிரி போர்டு கடை வைக்கத்தான் முதலில் ஆசைப்பட்டேன். ஜெர்மனியில் போர்டு, லைட் போர்டு செய்யும் தொழில் கைத்தொழில் பட்டியலில் வருகிறது. 2020 பிப்ரவரியில் 12 தொழில்களுக்கு மைஸ்டர் தகுதி மறுபடி கட்டாயமானது, அதில் இதுவும் ஒன்று. மைஸ்டர் என்பது வருடக்கணக்கில் படித்துத் தேர்வு எழுதி வாங்குவது. கை நிறைய வித்தை இருந்தும் காகிதம் இல்லை என்று உட்கார்ந்திருந்தேன். அந்த வலி இன்னும் இருக்கிறது. ஆனால் புத்தகப் படம், ஓவியம், வரைகலை என்றால் அது கலைத்தொழில், ஃப்ரைபெருஃப்ளர் என்பார்கள். தொழில் உரிமமும் வேண்டாம், தொழில் வரியும் இல்லை. வரி அலுவலகத்தில் ஒரு படிவம் நிரப்பினால் வரி எண் வந்துவிடும்.

அடுத்தது கே.எஸ்.கே., கலைஞர்களுக்கான சமூகக் காப்பீட்டு நிதி. 1983 முதல் இருக்கிறது. சுயதொழில் செய்பவர் மருத்துவக் காப்பீட்டை முழுவதும் தன் கையிலிருந்து கட்டினால் முதுகு ஒடிந்துவிடும். இதில் சேர்ந்தால் மருத்துவம், நீண்டகாலப் பராமரிப்பு, ஓய்வூதியம் மூன்றிலும் பாதிதான் உங்கள் பங்கு. மீதியை, கலைஞர்களிடம் வேலை வாங்கும் நிறுவனங்களும் அரசும் போடுகின்றன. வருடம் 3,900 யூரோவாவது கலையில் லாபம் வர வேண்டும். தொடங்கும் முதல் மூன்று வருடத்துக்கு அந்த நிபந்தனைகூட இல்லை. உண்மையிலேயே இதுதான் தொழில் என்று காட்ட பில், ஒப்பந்தம் கேட்பார்கள். அதனால் சின்ன வேலைக்கும் பில் போடுங்கள். பழக்கடை அம்மாவுக்குக்கூட நான் பில் போட்டேன்.

காசு விஷயத்தில் இரண்டு சொல்லிவிடுகிறேன். வருகிற ஒவ்வொரு நூறிலும் முப்பதை வேறு கணக்கில் போட்டு மறந்துவிடுங்கள். போன வருட வரியும் இந்த வருட முன்பணமும் சேர்ந்து ஒரே சமயத்தில் கேட்பார்கள், நான் அதில் மாட்டிக் கடன் வாங்கினேன். அப்புறம், ஒரு நிறுவனம் என் பில்லை ஐந்து மாதம் இழுத்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது. கடைசியில் கிடார்க்காரர்தான் பக்கத்தில் உட்கார்ந்து "மானுங்" எழுத வைத்தார், நினைவூட்டுக் கடிதம். பத்தே நாளில் வந்துவிட்டது. கேட்பது அங்கே அவமரியாதை இல்லை.

அப்பாவுக்கு இப்போது 71. வலது கை நடுங்குகிறது. முந்தாநாள் தடைக்காலம் தொடங்கியதும் அவரைத் தேடி ஒரு படகுக்காரர் வந்துவிட்டார், பழைய ஆளின் மகன். நாளைக்குக் காலையில் வெயில் ஏறும் முன் காசிமேடு போகிறோம். நூல் சுண்டுவது அப்பா, அவுட்லைன் நான், நிழல் அவரே போடுவாராம். நடுங்கினால் நடுங்கட்டும் என்கிறார், கடலில் போகிற படகு எப்படியும் ஆடத்தானே போகிறது என்கிறார்.

ஜூன் கடைசியில் லைப்ஸிக் திரும்புவேன். ஆகஸ்டிலிருந்து எங்கள் பட்டறையில் வாசல் பக்கத்து மேசை காலியாகிறது. வேலையை விடாமலே, சனி ஞாயிறு மட்டும் வந்து உட்காரலாம், வாடகையைப் பாதியாகப் பேசித் தருகிறேன். வரும்போது மொபைலில் காட்டாமல் படத்தைத் தாளாகவே கொண்டு வாருங்கள், அந்த கேரம் படம் இருந்தால் அதையும்.