மழைச் சத்தம், குருவிச் சத்தம்லாம் போட்டுக்கிட்டு படிச்சா நிஜமாவே படிப்பு ஏறுமா?

ரங்கூன்ல டியூஷன் எடுக்கிறேன், என் தங்கச்சி பையன் மெட்ரிக் எழுதுறான், அவன்கிட்ட பாத்ததையும் கொஞ்சம் படிச்சதையும் வச்சு சொல்றேன்.

இங்க ஜூன்ல பிடிச்சா அக்டோபர் வரைக்கும் மழைதான், தகரக் கூரையில அடிக்கிற அடியில பக்கத்துல இருக்கவன் கத்துனாலும் காதுல விழாது. ஆனா பரீட்சை வர்றது மார்ச்ல, அப்ப ஒரு சொட்டு கிடையாது, வெயிலு, கரண்ட் கட்டு, கரண்ட் போனதும் தெரு முழுக்க ஜெனரேட்டர், எதிர்ல டீக்கடைப் பேச்சு வேற. அதனால பையன் போன்ல மூணு மணி நேர மழையைப் போட்டு ஹெட்செட் மாட்டிக்குவான். ஒரு நாள் ஹெட்செட் பிடுங்கிக்கிட்டு மழை ஸ்பீக்கர்ல கொட்டிருச்சு, எங்கம்மா காயப்போட்ட மிளகாயை அள்ள மாடிக்கு ஓடினாங்க. மேல போய் சுள்ளுனு அடிக்கிற வெயிலைப் பாத்துட்டு இறங்கி வந்து அவனுக்கு விட்ட டோஸ் இருக்கே!

விஷயம் என்னன்னா, மழைச் சத்தம் மூளைக்கு டானிக் எல்லாம் இல்ல, மத்தவங்க பேச்சை மூடிடுது, அதான் பெரிய லாபம். 1976லயே கோல், வெல்ஷ்னு ரெண்டு பேர் சோதிச்சுப் பாத்தாங்க, எழுத்துக்களை வரிசையா ஞாபகம் வைக்கும்போது பின்னாடி பேச்சு ஓடினா தப்பு கூடுது, அது புரியாத பாஷையா இருந்தாலும் அதே கதைதான். மழை, அருவி மாதிரி ஒரே சீரா போறது அவ்வளவா இடிக்காது. இயற்கைனா எல்லாமே நல்லதுனு இல்லீங்க, எங்க சுவத்துல ஒரு பெரிய பல்லி இருக்கு, பர்மாக்காரங்க தௌத்தேன்னு சொல்வாங்க (2021ல வந்த டவ்தே புயலுக்கு இங்கேருந்து குடுத்த பேர் இதோடதுதான்), அது திடீர்னு கத்துச்சுனா போட்ட கணக்கு பாதியில போச்சு.

2019ல சிகாகோ யுனிவர்சிட்டில ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, பூச்சி, பறவை, தண்ணி சத்தம் கேட்டவங்க டவுன் சத்தம் கேட்டவங்களைவிட கவனம் வேணுங்கிற டெஸ்டுல நல்லா செஞ்சாங்கன்னு. இதைத்தான் எல்லாரும் ஷேர் பண்றாங்க, ஆனா அவங்க சத்தத்தைக் கேட்டு முடிச்சிட்டுத்தான் டெஸ்ட் எழுதினாங்க, கேட்டுக்கிட்டே இல்ல! அப்ப பிரேக்லதானே கேக்கணும்?

நம்ம பசங்க வேற வாய்விட்டு ஒப்பிச்சுதான் படிப்பாங்க, ஹெட்செட்டோட ஒப்பிச்சா தெருவுக்கே கேக்குது, தான் என்ன சொல்றோம்னு அவனுக்கே தெரியல. அதனால கணக்கு போடும்போது மட்டும் மழை, சத்தம் கம்மியா, ஒப்பிக்கிறப்ப கழட்டிடணும், நடுவுல பத்து நிமிஷம் மாடில சும்மா உக்காந்துட்டு வரணும்னு சொல்லிட்டேன். டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, ஆன்லைன்ல ஓட்டுனா நடுவுல விளம்பரம் வந்து கெடுத்துரும். அப்புறம் ஓடைச் சத்தம் மட்டும் வேணாம், அதைப் போட்ட அன்னைக்கு அரை மணிக்கு ஒருதரம் பாத்ரூம் போனான்.