சுவிட்சைத் தொடாதீர்கள்! – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பள்ளி ஒன்றின் பழைய சாமான் ஏலத்தில் பிபிசி மைக்ரோ கணினி ஒன்று ஐந்நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. முப்பது ஆண்டுகளாக யாரும் அதை இயக்கவில்லையாம். பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா? – திருச்சி வாசகர்

பதில்: கூடவே கூடாது. இந்தப் பதில் வருவதற்குள் செருகிவிட்டீர்கள் என்றால், ஜன்னல்களைத் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் வாழ்த்து. 1981-இல் இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் கொண்டுவந்த கணினி இது. 1984-இல் மத்திய அரசு பள்ளிகளில் கணினி கற்பிக்கும் 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கி நம் பள்ளிகளுக்குக் கொடுத்ததும் இதே கணினிதான். உங்களுடையது அந்த வழியில் வந்ததாக இருக்கலாம். 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 பிராசசர், 32 கேபி நினைவகம். உங்கள் மாமா தினமும் அனுப்பும் 'காலை வணக்கம்' படம் அதற்குள் அடங்காது.

இனி புகைக்கு வருவோம். பவர் சப்ளை பெட்டிக்குள், மின்சாரம் நுழையும் இடத்தில், தேன் நிறத்தில் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு கண்டென்சர், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம், இருக்கும். உள்ளே இருப்பது காகிதச் சுருள். வயதானால் மேலுறையில் முடி போல வெடிப்பு விழும். அதன் வழியே ஈரம் இறங்கும். 230 வோல்ட் பட்டதும் காகிதம் கருகும். எனக்கு வந்த முதல் பிபிசியில் நான் உறையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, அவ்வளவு அவசரம். பத்து நிமிடம் சமர்த்தாக ஓடியது. பிறகு 'புஸ்' என்று ஒரு சத்தம், மீன் குழம்பு அடிப்பிடித்ததைவிட மோசமான நாற்றம். அன்று முதல் என் வேலைமேசை மொட்டைமாடிக் கொட்டகைக்கு இடம் மாறிவிட்டது.

இத்தனைக்கும் அந்தக் கண்டென்சர் இல்லாமலும் கணினி ஓடும். பவர் சப்ளையின் இரைச்சல் வீட்டு மின்கம்பிக்குள் போகாமல் தடுப்பதுதான் அதன் வேலை. கழற்றிவிட்டு, அதே மதிப்பில் 'எக்ஸ்2' என்று அச்சிட்ட புதியதைப் போடுங்கள். சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். சாதாரண கண்டென்சரைப் போட்டுவிடாதீர்கள். நேராக மெயின் கம்பிகளுக்குக் குறுக்கே உட்காரும் பொருள் அது.

ஒரு எச்சரிக்கை. அந்தப் பெட்டிக்குள் பெரிய உருளைக் கண்டென்சரும் உண்டு. ஓடும்போது அதில் 320 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். மல்டிமீட்டரில் பூஜ்யம் என்று பார்த்த பிறகே கையை வையுங்கள். மெயின் மின்சாரத்தில் பழக்கமில்லை என்றால், இந்த ஒரு வேலையைத் தெருமுனை டிவி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு அந்த மெக்கானிக் கடைகளில் இருக்கும் சீரீஸ் பல்பு. 60 வாட் குண்டு பல்பு வழியாக மின்சாரம் கொடுங்கள். எல்இடி பல்பு உதவாது. பல்பு ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். சரியாக இருந்தால் பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்து அளந்து பாருங்கள்: சிவப்புக் கம்பியில் 5 வோல்ட், ஊதாக் கம்பியில் மைனஸ் 5.

எல்லாம் கூடிவந்தால் 'பூ…' என்று தாழ்ந்த ஓசை எழும், உடனே 'பீப்'. தாழ்ந்த ஓசையிலேயே நின்றுவிட்டால் பயப்படாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் இருக்கும் ஐசி சிப்புகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்துங்கள். சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி அவற்றை மெல்ல வெளியே தள்ளியிருக்கும். இந்தக் கட்டைவிரல் வைத்தியத்தில் உயிர் பெற்ற கணினிகள் ஏராளம்.

கேள்வி: பழைய கம்ப்யூட்டர் போர்டுகளில் தங்கம் எடுக்கலாமாமே? – சேலம் வாசகர்

பதில்: எடுக்கலாம், நுரையீரலையும் சேர்த்து. அதற்கான அமிலங்கள் சமையலறைக்கு ஆகாதவை. போர்டை என்னிடம் அனுப்புங்கள்.

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கிறேன். 555 ஐசியை வைத்து எல்இடி மினுக்கும் சர்க்யூட் செய்தேன். 1 கே, 68 கே ரெசிஸ்டர்கள். கடைக்கார அண்ணன் கொடுத்த '104' கண்டென்சர். மினுக்காமல் எரிந்துகொண்டே இருக்கிறது. ஐசி போய்விட்டதா? – தேனி வாசகி

பதில்: ஐசி நன்றாக இருக்கிறதம்மா. உன் எல்இடி மினுக்கிக்கொண்டுதான் இருக்கிறது, நொடிக்கு நூறு முறைக்கு மேல்! '104' என்றால் 10-க்குப் பின்னால் நான்கு பூஜ்யம், அத்தனை பிக்கோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். உனக்கு வேண்டியது அதைப்போல நூறு மடங்கு, 10 மைக்ரோஃபாரட். அதைப் போட்டால் நொடிக்கு ஒரு முறை மினுக்கும். அந்த உருளைக் கண்டென்சரில் கோடு போட்ட கால் மைனஸ். அது தரைக்கம்பிக்கு, அதாவது பேட்டரியின் மைனஸ் பக்கத்துக்குப் போகட்டும்.

ஆனால் உடனே மாற்றிவிடாதே. இன்றிரவு விளக்கை அணைத்துவிட்டு, பேட்டரியோடு போர்டைக் கையில் எடுத்து வேகமாக இடவலமாக வீசிப் பார். ஒரே கோடாகத் தெரியாது. கோலப்புள்ளி வைத்ததுபோல விட்டு விட்டுத் தெரியும். எண்ணிப் பார்த்து எழுது.