இங்கிலாந்தில் அதிகம் பேருக்குத் தெரியாத, நீங்கள் பார்த்த சிற்றூர் எது?

நார்ஃபோக் கடற்கரையில் இருக்கும் ஹேஸ்ப்ரா. பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'ஹாப்பிஸ்பர்க்' என்றுதான் வரும். நானும் பஸ் டிரைவரிடம் அப்படித்தான் கேட்டேன். சிரிக்காமல் திருத்தினார், நல்ல மனிதர்.

ஊருக்குள் நுழையும்போதே சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட கலங்கரை விளக்கம் தெரியும். 1790ல் கட்டியது. இருநூறு வருடம் ஆகப்போகிற சமயத்தில், இனி தேவையில்லை, அணைத்துவிடலாம் என்று முடிவாயிற்று. ஊர்க்காரர்கள் விடவில்லை. 1990ல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே வாங்கி, இன்றுவரை நன்கொடைப் பணத்தில் எரியவிடுகிறார்கள். கோடையில் சில நாட்கள் மேலே ஏறிப் பார்க்க விடுவார்கள். 112 படி, முழங்காலை நம்பி ஏறுங்கள்.

ஆனால் எனக்கு மறக்காதது பீச் ரோடுதான். கடலைப் பார்த்துப் போகிற சாதாரணத் தெரு. போய்க்கொண்டே இருந்து சட்டென்று அறுந்து நிற்கிறது. விளிம்பில் தார், அதற்குக் கீழே ஜல்லி, அதற்குக் கீழே மண்; கேக்கை வெட்டி வைத்த மாதிரி. அந்தப் பக்கம் இருந்த வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. குன்று முழுக்க மணலும் களிமண்ணும். 1950களின் கடைசியில் போட்ட மரத்தடுப்பும் இற்றுப்போனது. கடலரிப்பில் வீடு போனால் இங்கே நஷ்டஈடு கிடையாது என்பதைக் கேட்டபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

இதில் வினோதம், வீட்டைத் தின்கிற அதே அரிப்புதான் ஊருக்குப் பேரையும் வாங்கித் தந்தது. 2013 மே மாதம் புயலில் கரை மணல் அடித்துக்கொண்டு போக, அடியில் இருந்த பழைய சேற்றுப்படிவம் வெளியே வந்தது. அதில் சுமார் 50 குழிகள். ஆராய்ந்து பார்த்தால் மனிதக் காலடிகள்! பெரியவர்களும் குழந்தைகளுமாக ஒரு பழைய ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி நடந்திருக்கிறார்கள், 8 லட்சம் வருடத்துக்கும் முன்னால். ஆப்பிரிக்காவுக்கு வெளியே கிடைத்த மனிதத் தடங்களில் அப்போது இவைதான் மிகப் பழையவை. ஆய்வாளர்கள் மழையில் நனைந்துகொண்டு, குழியில் தேங்கிய தண்ணீரை இறைத்து இறைத்துப் படம் எடுத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் அலை அத்தனையையும் அழித்துவிட்டது. மிஞ்சியது படங்கள்தான்.

அப்புறம், மாதா கோயில் வளாகத்தையும் பாருங்கள். 1801ல் மணல்திட்டில் மோதி மூழ்கிய 'இன்வின்சிபிள்' போர்க்கப்பலின் மாலுமிகள் பலரை ஒரே குழியில் புதைத்த இடம் அங்கே இருக்கிறது.

போவதாக இருந்தால் ஓதம் வற்றும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு போங்கள். செல்ஃபிக்காகக் குன்றின் ஓரத்தில் மட்டும் நிற்காதீர்கள்.