கண்மாய்க் கரையோரம் கடையும் படகும்: எதற்கு வழி உண்டு, எதற்கு இல்லை?

வாசகர் கேள்வி: கானாடுகாத்தான் பக்கம் எங்கள் கிராமம். கண்மாயை ஒட்டித் தாத்தா காலத்துப் பட்டா நிலம் 60 சென்ட் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களை நம்பி அதில் ஒரு சாப்பாட்டுக்கடை போட்டு, தண்ணீரில் நான்கு பெடல் படகும் விடலாம் என்று யோசனை. ஊட்டியில் விடுகிறார்களே, இங்கே விட முடியாதா? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பதில்: கடை மண்ணில் நிற்கப்போகிறது, படகு தண்ணீரில் மிதக்கப்போகிறது. மண் உங்களுடையது, தண்ணீர் உங்களுடையது இல்லை. கடைக்கு வழி உண்டு. படகை நம்பி மட்டும் கடன் வாங்கிவிடாதீர்கள்.

முதலில் நிலம். பட்டா கையில் இருப்பது சரி, அந்த நிலம் கரைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது? கரைக்கு வெளியே, ஆயக்கட்டுப் பக்கம், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் வயல் பக்கம் என்றால் பேசலாம். உள்வாயில், அதாவது தண்ணீர் ஏறி நிற்கும் பக்கம் என்றால், பட்டாவே இருந்தாலும் அங்கே மண்ணடித்து மேடாக்கிக் கட்ட நினைக்காதீர்கள். நீங்கள் உயர்த்தும் ஒவ்வொரு அடியும் தண்ணீரைப் பக்கத்து வயலுக்குத் தள்ளும். புகார் முதலில் ஊருக்குள்ளிருந்துதான் வரும், அதிகாரி அப்புறம்தான் வருவார்.

நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ பதிவேடு, எல்லை அளவுகளைக் காட்டும் புல வரைபடம் இரண்டையும் எடுங்கள். பழைய புல வரைபடம் சிலவற்றில் அளவு மீட்டரில் இருக்காது, சங்கிலிக் கணக்கில் இருக்கும். 100 லிங்க் ஒரு சங்கிலி, அதாவது 66 அடி. இதைக் கவனிக்காமல் 40 என்று எழுதியிருப்பதை 40 மீட்டர் என்று படித்து வேலி போட்ட ஒருவரை எனக்குத் தெரியும். உண்மையில் அது 40 லிங்க், 8 மீட்டர்தான். சீமைக்கருவேலத்தை வெட்டி எல்லைக்கல்லைத் தேடி எடுத்தபோது, கட்டி முடித்த கழிப்பறை முழுக்க நீர்நிலைப் புறம்போக்கில் நின்றது. இடிப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதனால் வரைபடக்காரரைக் கூப்பிடும் முன்பே நில அளவைக்கு மனுக் கொடுத்து, சர்வேயர் அளந்து கல் காட்டிய பிறகு பிளான் போடுங்கள்.

அடுத்தது பாதை. இதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். கண்மாய்க் கரை மேல் டிராக்டர் போகிறது, பள்ளிக்கூட வேன்கூடப் போகிறது. ஆனாலும் அது ரோடு இல்லை, கண்மாயின் ஓர் அங்கம். உங்கள் 60 சென்ட்டுக்கு வேறு பொதுப்பாதை இல்லையென்றால் கட்டட அனுமதி கேட்கும்போது கேள்வி அங்கேதான் விழும்.

இனி மண்டலம். உங்கள் இடம் முழுமைத் திட்டத்துக்குள் (மாஸ்டர் பிளான்) வந்தால், அதில் உங்கள் சர்வே எண்ணுக்கு என்ன பயன்பாடு குறித்திருக்கிறது என்று மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் பாருங்கள். விவசாயம் என்றிருந்தால் வணிகத்துக்கு மாற்றக் கேட்க வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே என்றால் 2017-இல் வந்த நிலப் பயன்பாட்டு மாற்ற விதிகள் பொருந்தும். வேளாண் இணை இயக்குநரின் கருத்தைக் கேட்பார்கள். நஞ்சையாக இருந்தால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. புஞ்சைக்கு அவ்வளவு அலைச்சல் இல்லை. கட்டட அனுமதிக்கு 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளைப் பார்ப்பார்கள். நீர்நிலையிலிருந்து 15 மீட்டருக்குள் இருக்கும் இடமென்றால், கழிவுநீர் தண்ணீரில் சேராதபடி என்ன ஏற்பாடு என்று கேட்க அதிகாரம் உண்டு. என் யோசனை: அந்த 15 மீட்டரில் எதையும் கட்டாமல் நாலு புங்கமரம் வைத்து, கீழே கயிற்றுக் கட்டில் போடுங்கள். சமையலறையும் செப்டிக் டேங்க்கும் ரோட்டுப் பக்கம் போகட்டும். உணவுப் பாதுகாப்புப் பதிவு, கடை மின் இணைப்பு எல்லாம் வழக்கமானவை, அவற்றில் சிக்கல் வராது.

இப்போது படகு. ஊட்டி ஏரியில் படகு விடுவது தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம், கரையில் நிலம் வைத்திருக்கும் தனியார் இல்லை. நம் கண்மாய் பாசனத்துக்கு வெட்டியது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் அது நீர்வளத் துறையுடையது, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். துறையின் ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. மற்ற நீர்நிலைப் புறம்போக்குகளுக்கு 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமே போதும். நீங்கள் தண்ணீருக்குள் நாலு குழாய் ஊன்றிப் பலகை போட்டுப் படகுத்துறை என்று பெயர் வைத்தாலும், சட்டத்தின் கண்ணில் அது ஆக்கிரமிப்புதான். ‘கண்மாய் வறண்டுதானே கிடக்கிறது’ என்ற வாதமும் நிற்காது. குளத்து நிலத்தை வீட்டுமனையாகக் கொடுத்த ஒரு வழக்கில் 2001-இலேயே உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

மீன்பாசி ஏலம் எடுத்தவரிடம் பேசி முடித்துவிட்டேன் என்று சிலர் சொல்வார்கள். அவர் எடுத்தது மீனுக்கான உரிமை. அதை வைத்துப் படகுச் சவாரிக்கு உங்களுக்கு அனுமதி தர அவரால் முடியாது. கேட்பதானால், கண்மாய் யாருடையதோ அந்தத் துறைக்கு மனுக் கொடுத்து, சுற்றுலாத் துறை வழியாக மாவட்ட ஆட்சியர் வரை கொண்டுபோக வேண்டும். கிடைத்தாலும் உயிர்காப்பு அங்கி, தண்ணீரில் விழுந்தவரை மீட்க ஓர் ஆள், காப்பீடு என்று செலவு உங்கள் தலையில் வரும்.

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கு மட்டும் பாருங்கள். நம் கண்மாய்கள் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியவை. மழை நன்றாகப் பெய்த வருடத்திலும் மடை திறந்து வயலுக்குப் பாய்ந்தபின் மாசி, பங்குனியில் படகு சேற்றில்தான் நிற்கும். மே மாத விடுமுறைக்கூட்டம் வரும்போது உள்ளே மாடு மேயும். நான்கு பெடல் படகின் விலைக்குக் கடைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்துவிடலாம்.

இன்னொன்று. உங்கள் நிலம் திருப்பத்தூர் வழியில் வேட்டங்குடிச் சரணாலயத்துக்குப் பக்கத்தில் இருந்தால் இதுவரை சொன்னதெல்லாம் இரண்டாம்பட்சம், முதலில் வனத்துறையிடம் போக வேண்டும். 1977 முதல் அது பறவைகள் சரணாலயம். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள், உங்கள் கடையில் ஸ்பீக்கர் வைக்க விடமாட்டார்கள்.